காத்திருக்க ஒரு நல்ல அறை

நாற்காலி வாங்கும்போது பெரும்பாலானவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். நான் உட்கார்ந்து எழுந்து பார்ப்பேன். நிறைமாதப் பெண்ணுக்கு நாற்காலியில் கைப்பிடி இருக்க வேண்டும், இருக்கை தாழ்ந்திருக்கக் கூடாது. இல்லையென்றால் அவளை எழுப்பிவிட ஆள் தேட வேண்டும். கடைக்காரர் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எத்தனையாவது மாசம் சார்?" என்றார். கடையே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். நீங்கள் இப்போது உட்கார்ந்திருப்பது அன்றைக்கு வாங்கிய நாற்காலிகளில் ஒன்றுதான், மேடம். சாய்ந்துகொள்ளுங்கள். விசாரணை என்றால் விறைப்பாக உட்கார வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

நான் இந்தப் பிரசவ ஆஸ்பத்திரியின் தர மேலாளர். டாக்டர் இல்லை. முன்பு ஒரு ஹோட்டலில் வரவேற்பில் இருந்தேன். அறை காலியில்லை என்று கேட்ட பிறகும் வந்தவர் சிரித்த முகத்தோடு திரும்பிப் போக வேண்டும், அதுதான் அங்கே என் வேலை. இங்கே எல்லோரும் என்னைச் சிரிப்பு சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்ததை நேரிலேயே சொல்லச் சொன்னவன் நான்தான்.

நான் வந்தபோது இந்த இடம் இருந்த லட்சணம் உங்களுக்குத் தெரியாது. வலியில் கத்தினால் ஆயாம்மா அதட்டுவார். கேட்பாரில்லாத பெண் என்றால் தொடையில் ஒரு அடியும் விழும். அதை நிறுத்தினேன். கட்டிலுக்குக் கட்டில் திரை போட்டேன். கை கழுவாமல் குழந்தையைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் வார்டின் நடுவில் நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பெரிய டாக்டரே ஒருமுறை பாடினார். அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் தாய்மார்களே சோப்பை எடுத்து நீட்டினார்கள். பிறந்த குழந்தையை உடனே துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்த வேண்டும் என்பதிலும் நான் பிடிவாதமாக இருந்தேன். குளிரில் நீலம் பாரித்துப் போகிற குழந்தைகள் குறைந்தார்கள். இதெல்லாம் உண்மை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் மசியவில்லை. தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள், அதிலும் ஏழைப் பெண்களே அதிகம். தரச் சான்று கொடுக்க வந்த குழு, வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டது. நியாயமான கேள்வி. இன்னும் நாலு நர்ஸ் வேண்டும், கையிருப்பில் ரத்தம் வேண்டும், மாலையானால் காணாமல் போகாத ஒரு டாக்டர் வேண்டும் என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, "கையில இருக்கிறதை வச்சு ஏதாவது பண்ணுப்பா" என்றார். பண்ணினேன்.

நான் ஹோட்டல்காரன் கண்ணோடு யோசித்தேன். இங்கே யார் நோயாளி? மணிக்கட்டில் பெயர் எழுதிய பட்டை கட்டியவர். கட்டிவிட்டால் அவர் நம்மவர், நல்லதும் கெட்டதும் நம் தலையில். கட்டும்வரை அவர் வாசலுக்கு வந்தவர், அவ்வளவுதான். எனவே முன்பக்கம் இருந்த பழைய சாமான் அறையைக் காலி செய்து, இளம்பச்சை அடித்து, இந்த நாற்காலிகளைப் போட்டேன். ஒரு மீன் தொட்டியும் வைத்தேன். சிக்கலாகும் என்று தோன்றுகிற பெண்களை அங்கே உட்காரவைப்போம். பட்டை கட்ட மாட்டோம். ஆம்புலன்ஸ் வண்டி வந்ததும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். நடுவில் மருந்தும் கிடையாது. மருந்து கொடுத்தால் நம் நோயாளி ஆகிவிடுவாளே.

ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. கை கூப்பிவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள். உள்ளே சாவு நின்றுபோனது. ஏழைக்கும் இல்லை, பணக்காரருக்கும் இல்லை, எல்லோரும் சமம். சான்றிதழ் கொடுத்தவர்கள் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள். பாலம் தாண்டிப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று சற்று முன் கேட்டீர்கள். வந்தவர் அடுத்த ஹோட்டலில் நன்றாகத் தூங்கினாரா என்று நாங்கள் விசாரிப்பதில்லை, மேடம். அது அந்த ஹோட்டலின் வேலை.

நீங்கள் கேட்க வந்தது அந்தச் சட்டைக் காலர் தைக்கிற பெண்ணைப் பற்றித்தானே. வருகிறேன்.

மாமியாரோடு வந்தாள். மதிய வேளை, வெயில் கொளுத்தியது. தையல் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள், தோளில் நூல்பிசிறு ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "எங்க கம்பெனியில இந்த மாதிரி சேர் சூப்பர்வைசருக்குத்தான் அத்தை. இன்னைக்கு நான் சூப்பர்வைசர்" என்றாள். "ஆமா, உள்ள இருக்கிறது மேனேஜர், உதைச்சுக்கிட்டே இருக்கு" என்றார் மாமியார். எனக்கு அந்த இருவரையும் உடனே பிடித்துப்போயிற்று. வாய் ஓயாத மாமியாரும் அதற்குச் சளைக்காத மருமகளும் அமைவது லேசில்லை.

ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கம். முகம் ஊதியிருந்தது. தலை பிளக்கிறது என்றாள். மீன் தொட்டியைக் காட்டி, "மீனைச் சுத்தி மின்மினி பறக்குதே, அது எனக்கு மட்டும்தான் தெரியுதா?" என்று சிரித்தாள்.

தலைமை நர்ஸை இங்கே பெரியக்கா என்போம். அவர் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார்.

"சார், இது வலிப்புக்கு முன்னாடி வர்றது. ஊசியைப் போட்டு உள்ள எடுத்துக்கலாம். டாக்டர் மாடியிலதான் இருக்காரு."

"வண்டி வந்துக்கிட்டே இருக்கு பெரியக்கா. அங்க போய்ப் போட்டுப்பாங்க."

"போற வழியில வலிப்பு வந்துட்டா?"

"வழி நம்ம ஆஸ்பத்திரி இல்லையே."

பெரியக்கா சிரிக்கவில்லை. அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி எப்போதுமே கொஞ்சம் குறைவு.

அந்த ஊசி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். முந்தின வாரம்தான் ஜவுளிக்கடை முதலாளியின் மனைவி வந்திருந்தார். அதே கொதிப்பு, அதே தலைவலி. பட்டை கட்டி, ஊசி போட்டு, ஆபரேஷன் செய்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம், எனக்கும் ஒரு சட்டைத்துணி வந்தது. அவரை ஏன் பச்சை அறையில் உட்காரவைக்கவில்லை என்று கேட்பீர்கள். அவர் கணவர் உட்கார மாட்டார், கேள்வி கேட்பார். அந்த அறை பொறுமைசாலிகளுக்கானது.

நான் வண்டிக்காரரோடு பேசிவிட்டு வருவதற்குள் பெரியக்கா ஒரு காரியம் செய்திருந்தார். அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிட்டு, ஊசி மருந்து எடுக்க உள்ளே போயிருந்தார். பெயர், வயது, எல்லாம் அழகான கையெழுத்தில். கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இத்தனை நாள் கட்டிக் காத்ததை ஒரு முடிச்சில் அவிழ்க்கப் பார்த்தார். அவள் எங்கள் நோயாளியாகி இறந்துவிட்டால், 'இங்கே தாய் மரணமே இல்லை' என்று வாசலில் நாங்கள் பெருமையாக மாட்டியிருந்த அறிவிப்பை இறக்க வேண்டும். ஆயாம்மாவிலிருந்து பெரிய டாக்டர்வரை எத்தனை பேரின் உழைப்பு அது.

கத்தரிக்கோலைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துக்கொண்டு அவள் முன்னால் குனிந்தேன். "பட்டை மாறிப் போச்சும்மா. இது வேற ஒருத்தரோடது" என்றேன். கை வீங்கியிருந்ததால் பட்டை சதையில் பதிந்திருந்தது. கத்தரி நுனி தோலில் படாமல் மெதுவாக நுழைத்து வெட்டினேன். ஒரு கீறல்கூட விழவில்லை. அவள் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "அப்பாடா, ரொம்ப இறுக்கமா இருந்துச்சு சார். தேங்க்ஸ்" என்றாள். நானே கைத்தாங்கலாக வண்டி ஏற்றினேன். மாமியார் என்னை மகராசன் என்றார்.

பெரியக்கா ஊசித் தட்டோடு வாசலுக்கு ஓடி வந்தபோது வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. மருந்தை வீணாக்காமல் திரும்ப வைக்கச் சொன்னேன். தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பாலத்தில் நெரிசல். வலிப்பு அங்கேதான் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை உயிரோடு எடுத்துவிட்டார்களாம், பெண் குழந்தை. தாய் பிழைக்கவில்லை. மாமியார் இப்போது யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு வருத்தம்தான், அவ்வளவு கலகலப்பான மனுஷி.

வெட்டியது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஊசி வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தே வெட்டினேன். கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளை யாரும் அதட்டவில்லை, காக்க வைத்ததற்கு அவள் முகம் சுளிக்கவில்லை, கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் எங்கள் நோயாளிகளில் இவ்வளவு மனநிறைவோடு வெளியே போனவள் வேறு யாரும் இல்லை, மேடம்.