அரபு வாசிச்ச ஞாயிறு

அநியாயம் நடந்தது சீதேவிப்பிள்ளை அக்காவுக்கு ஐயா, எனக்கில்ல. முதல்ல அத எழுதிக்கொள்ளுங்க. பெந்தெகொஸ்தே ஞாயிறண்டு வேதம் வாசிக்கப் பேர் குடுத்து, மூண்டு கிழமையாப் பழகி, சிவப்புச் சாறி உடுத்து வந்து நிண்ட மனிசி. அவட முறை வந்த நேரம் அவவக் கூப்பிடயில்ல. வேற ஆள் ஏறி வாசிச்சது. முழுச் சபையும் பாத்துக்கொண்டுதான் இருந்த. நீங்க விசாரிக்க வந்த, நான் தலைமைச் சபைக்கு முறைப்பாடாப் போட்ட பெட்டிசத்தில இருக்கிற விசயம் அதுதான்.

ஓம், நான்தான் எழுதினது. வந்தாறுமூலைக் கெம்பஸ்ல மூண்டாம் வருசம் படிக்கிறன். இஞ்ச வாலிபர் சங்கத்தையும் நான்தான் பாக்கிறன்.

எனக்கு டீ வேணாம் ஐயா, நீங்க குடிங்க. அதுவும் அவ ஊத்தி வச்சதுதான். சனிக்கிழமை சனிக்கிழமை இந்தச் சேர்ச்சக் கூட்டிக் கழுவுறதும் அவதான், கூட்டம் நடந்தா டீ ஊத்துறதும் அவதான். சொந்த ஊர் பழுகாமம். புருசன் விட்டுட்டுப் போன பொறகு குவைத்துக்குப் போய் ஒரே வீட்டில ஒம்பது வருசம் வேல செஞ்சிட்டு வந்தவ. வந்துதான் ஞானஸ்நானம் எடுத்த.

எங்கட சபையில ஒரு வழக்கம் இருக்கு, உங்கட பக்கம் இருக்கோ தெரியா. பெந்தெகொஸ்தே அண்டு அப்போஸ்தலர் ரெண்டாம் அதிகாரத்த, ஆவி இறங்கிச் சீசர் பேசினத வந்த சனமெல்லாம் தங்கட தங்கட பாசையில கேட்டு விளங்கின அந்த இடத்த, ஒவ்வொரு பாசையில ஒவ்வொருத்தர் வாசிக்கிற. கடைசியில எல்லாரும் ஒண்டா. இங்கிலீசு றிட்டயர் டீச்சர், சிங்களம் பேங்க் மனேஜர், பிரெஞ்சு லீவில வந்த ஆரும். ஒவ்வொரு வருசமும் அதே படிச்ச ஆக்கள், அதே கண்ணாடி, அதே தொண்டைய இருமிச் சரிபண்ணுற. இந்த வருசம் லிஸ்ட் போடுற வேல எனக்கு வந்த. நான் நிலம் ஈரமா இருக்கெண்டு வாசல்ல நிண்டு பேர் எழுதிக்கொண்டிருக்கன், உள்ளுக்கிருந்து அக்கா கேக்கிறா, தங்கச்சி, அரபு எண்டு ஒரு சனம் அதுக்குள்ள வருதே, அதுக்கு ஆள் இருக்கா, எனக்கு அரபு தெரியும் எண்டு.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்த ஐயா. நீங்க படிச்ச ஆள், உங்களுக்கு நான் சொல்லத் தேவயில்ல, ஆனாலும் சொல்லுறன். அண்டைக்கு எழும்பிப் பேசின பேதுரு ஆர்? வல இழுத்த ஆள். வாயத் துறந்தாலே கலிலேயாக்காரன் எண்டு ஒரு வேலக்காரப் பொட்டைக்கே விளங்கின. எங்கட வாவியில தோணி வலிக்கிற ஒருத்தர் கொழும்பில போய் மேடையேறினமாதிரி. அப்பிடி ஆக்கள்ள இறங்கின ஆவி, சர்டிபிகேட் பாத்தா இறங்கும்?

கமிட்டியிலயும் இதத்தான் சொன்னன். கனகசிங்கம் அங்கிளத் தெரியும்தானே, சபைச் செயலாளர். அவர் சொல்லுறார், புள்ள, நிலம் கழுவுற மனிசியப் பீடத்தில ஏத்தினா நாளைக்கு நிலத்த ஆர் கழுவுற எண்டு. நீங்க கழுவுங்க அங்கிள், இயேசு காலே கழுவினவர் எண்டன். மறுகா அவர், சேர்ச்சுல குண்டு வெடிச்ச அந்த ஈஸ்டருக்குப் பொறகு சேர்ச்சுக்குள்ள அரபா, சனம் தாங்குமா எண்டார். அதில நியாயமில்லயெண்டு சொல்லமாட்டன். அவர்ட தங்கச்சிர மகள் அதில செத்துப் போனவ. ஆனா நான் விடயில்ல. எங்கட சனத்தக் கொலை செஞ்சவன் பேசின பாசையெல்லாம் கழிச்சா, எந்தப் பாசையில அங்கிள் நாம செபம் பண்ணுற எண்டு கேட்டன். தமிழும் மிஞ்சாதே எண்டன். அவர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சார்.

கடைசியில என்ன சொன்னவரோ? வாறன் ஐயா. அதுக்குத்தான் வாறன்.

அக்காவுக்கு எழுத்து வராது. பின்னேரத்தில இந்த வாங்கிலதான் ரெண்டு பேரும் குந்தியிருக்கிற. நான் வசனத்தத் தமிழ்ல சொல்ல, அவ கண்ண மூடி யோசிச்சுப்போட்டு அரபில சொல்லுவா. சனமெல்லாம் திகைச்சுப்போய் இதென்ன எண்டு கேக்கிற இடம் வரும்தானே, அதுக்கு அவ ஷினு ஹாதா எண்டு ரெண்டு கையையும் விரிச்சா. அந்த வீட்டு மேடம் உடைஞ்ச கோப்பையக் கண்டா அப்பிடித்தான் கேப்பாவாம். நான் சிரிச்சன், அவவும் சிரிச்சா. பொறகு சொல்லுறா, தங்கச்சி, அங்க ஒம்பது வருசமும் இந்தப் பாசையில எனக்கு ஏச்சுத்தான் கிடைச்ச, கடவுளப் பத்தி ஒரு சொல்லு நான் இதில சொன்னதில்ல, இப்பதான் சொல்லப்போறன் எண்டு.

அத நான் போன்ல பதிஞ்சு வச்சன். சனிக்கிழமை கெம்பஸ்ல ஸாதியாக்குப் போட்டுக் காட்டினன். என்னோட படிக்கிற புள்ள, ஏறாவூர், அரபு முறையா ஓதினவ. சரி பாக்கத்தான் குடுத்த. ரெண்டு தரம் கேட்டா. விளங்குதுகா, நல்லா விளங்குது, ஆனா இது வீட்டு அரபு, எழுத்தில இப்பிடி வராது எண்டா. சொல்லேக்க முகத்தில சின்னச் சிரிப்பொண்டு வந்து போன. ஸாதியாவில பிழையில்ல ஐயா, அவ பழிக்கயில்ல. அவக்கு அது பிடிச்சிருந்ததோ என்னவோ. எனக்குத்தான் அந்தச் சிரிப்புத் தாங்கேலாமப் போன. அடுத்த நாள் சேர்ச்சுக்கு எங்கட டிப்பாட்மென்ட் லெக்சரர்மார் ரெண்டு பேர் வாறதா இருந்த. நான்தான் பெருமையாக் கூப்பிட்ட. அவங்களுக்கு முன்னால ஷினு ஹாதா எண்டு கைய விரிச்சா என்னெண்டு நினைப்பாங்க? கனகசிங்கம் அங்கிளுக்கு அப்பிடிப் பதில் சொன்ன வாய், அந்த நேரம் ஸாதியாட்ட என்ன கேட்ட தெரியுமா? சரியான அரபு எழுதித் தாறியா, தமிழெழுத்தில எழுது, எனக்கு வாசிக்க லேசு எண்டு.

இல்ல ஐயா, எனக்கு அரபு தெரியா. ஒரு எழுத்தும் தெரியா.

அந்தக் கடிதத்தில இப்ப கையெழுத்து வைக்காதங்க. கனகசிங்கம் அங்கிள்தான் தடுத்ததெண்டு நினைச்சு அவரச் செயலாளர் பதவியால நிப்பாட்டுற கடிதம்தானே அது? அவர் அண்டைக்குக் கண்ணாடியத் திரும்பப் போட்டுட்டு, சரி புள்ள, அவ வாசிக்கட்டும் எண்டுதான் சொன்னவர். அவர்தான் அவக்கு மைக்க எட்டுற அளவுக்கு இறக்கியும் வச்சவர். பெட்டிசத்தில வேற ஆள் எண்டு எழுதியிருக்கன் பாருங்க, அது நான்தான்.

அக்காட்ட முன்கூட்டிச் சொல்லயுமில்ல. சொல்ல வாய் வரயில்ல. அரபியர் வசனம் வந்த நேரம் அவ செவரோரத்தில இருந்து ஒரு எட்டு முன்னுக்கு வச்சிட்டா. நான் கடதாசியோட அவவத் தாண்டிப் போய் ஏறினன். பிழையில்லாம வாசிச்சன் ஐயா, ஒரு இடத்திலயும் தடங்கயில்ல. எல்லாரும் கை குடுத்தாங்க. லெக்சரர் ஒருத்தர் அரபும் தெரியுமா உமக்கு எண்டு கேட்டார், நான் சிரிச்சுச் சமாளிச்சன். கிறுகிப் பாத்தா அக்கா அதே சிவப்புச் சாறியோட, அந்தச் சனம் குடிச்ச கோப்பையெல்லாத்தையும் கழுவிக்கொண்டு நிக்கிறா.

அண்டிரவே பெட்டிசம் எழுதினன். அவக்கு நடந்தத ஆராவது கேக்கோணும் எண்டிருந்த. என்னக் கேட்டுருவாங்களோ எண்டு பயமும் இருந்த. ரெண்டும் உண்மதான்.

அவட்ட ரெண்டு தரம் போய் மன்னிப்புக் கேட்டன். ரெண்டு தரமும் நிலம் கழுவுற தும்புத்தடிய நகத்தி, தள்ளி நில்லு தங்கச்சி, ஈரம் எண்டதோட சரி. இண்டைக்கு நீங்க வரக்கு முன்ன திரும்பவும் போய், நான் செஞ்சது துரோகம் அக்கா, ஏசுங்க, என்னவாவது சொல்லுங்க எண்டு நிண்டன். தும்புத்தடியச் செவத்தில சாத்திப்போட்டு என்ட முகத்தப் பாத்தா. ஏசயில்ல ஐயா. சந்தேகம் கேக்கிறமாதிரித்தான் கேட்டா, நீ அண்டைக்கு வாசிச்சது என்ன பாச தங்கச்சி, காதக் குடுத்துக் கேட்டன், எனக்கு ஒண்டும் விளங்கயில்லயே எண்டு.