ஆயர் மூடிய கிண்ணம்

நடக்கிறோம். பத்தொன்பது பேர். வளைகுடா நாட்டில், மங்காஃப் என்ற ஊருக்குப் போகும் சாலை. வெள்ளிக்கிழமை, இங்கே வார விடுமுறை. பிற்பகல் இரண்டேகால். வானத்தில் ஒரு வெளிச்சம். மூன்று வினாடி கழித்துச் சத்தம். யாரும் நிற்கவில்லை. பின்னால் எங்கள் தொழிலாளர் கேம்ப். அதன் சுவரை ஒட்டி எண்ணெய்த் தொட்டிகள். போர் தொடங்கி ஒரு வாரம். ஏவுகணையால் அங்கேதான் அடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தும் வெளியேற முடியவில்லை. எங்கள் பாஸ்போர்ட்டுகள் கேம்பை நடத்தும் 'பாஸ்' அந்தோணியின் அலமாரியில். நாகர்கோவில்காரர். "சண்டைன்னா என்னலே? மூணு மணி டூட்டி வெள்ளிக்கிழமையும் உண்டு" என்பார்.

காலையில் அவர் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போன பஸ்ஸில் நானும் என் அறையில் தங்கும் முனியசாமியும் ஏறினோம். ஆயர் வந்திருந்தார். வயதான வெளிநாட்டவர். தமிழ்ப் பாதிரியார் ஒருவர் மூலம் முனியசாமி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

ஆயர் பிரசங்கத்தை மாற்றினார். ஸ்பெயின்காரர்கள் கடல் கடந்து ஆண்ட நாட்டில் ஒரு ஆயர் இருந்தாராம். அந்த மண்ணின் மக்களை அடிமையாக வைத்திருந்த முதலாளிகளுக்கு, அவர்களை விடுவிக்கும்வரை பாவமன்னிப்பு இல்லை என்றாராம். மிரட்டினார்களாம். அவர் மாறவில்லை.

பிறகு நற்கருணை அப்பம் வழங்கும் நேரம். அந்தோணி வரிசையில் வந்து கையை நீட்டினார். ஆயர் அப்பக் கிண்ணத்தை மூடினார். பாதிரியார் மெதுவாகச் சொன்னார்: "முதல்ல அவங்க பாஸ்போர்ட்டக் குடுத்துட்டு வாங்க." பின்னால் நின்ற மனைவி அந்தோணியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எல்லாப் பாஸ்போர்ட்டும் எங்கள் கையில்.

இப்போது சாலையில் முனியசாமி நிற்கிறான்.

"மூணு மணிக்கு டூட்டி மெஷின்ல கார்டு பஞ்ச் அடிக்கலன்னா ஓடிட்டான்னு கேஸ் போட்டுருவாய்ங்க. அப்புறம் பாஸ்போர்ட்டு இருந்து என்ன? கார்ட குடுங்க. எல்லாத்துக்கும் அடிச்சிட்டு வாரேன்."

கொடுத்தோம்.

"எனக்கு ஓவர்டைமும் சேத்துப் போடு" என்றேன்.

"ஒனக்கு லீவு போடுறேன் மாப்ள."

திரும்பி ஓடினான்.

மூன்று மணி ஐந்து. சைரன். எங்களில் யாரோ கத்தினான்: "படுங்கடா! தரையோட படுங்க!" லாரி டயர் வெடித்ததுபோல் ஒன்று. அடுத்தது காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. தலை தூக்கினேன். கேம்ப் இருந்த பக்கம் முழுக்கக் கறுப்பு.

போனவை: மூன்று தகரக் கொட்டகைகள். எங்கள் பெட்டிகள், பாத்திரங்கள். பத்தொன்பது அட்டைகள். அலுவலக அறையில் இருந்த அந்தோணி. முனியசாமி, முப்பத்தொரு வயது, முதுகுளத்தூர் பக்கம். அவன் பாஸ்போர்ட் சட்டைப்பையிலேயே இருந்தது. பதினெட்டு பேர் மிச்சம். அட்டையை முதலில் நீட்டியவன் நான்.

மறுநாள் காலை ஆறு மணி. மங்காஃபில் உடைந்த ஜன்னல்களுக்குப் பலகை அடிக்க ஆள் தேடினார்கள். போனேன். சுத்தியலைக் கொடுத்தார்கள். ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியிலிருந்து ஆரம்பித்தேன்.