முக்கால் அங்குலத் தாமரை

14 ஓகஸ்ட் 2025, வியாழன்.

முதலில் ஒரு சின்னப் பிழையை ஒப்புக்கொள்கிறேன். காற்றுத் துவாரத்துக்கு நான் செய்த மர மூடியில், தாமரை இதழ்களுக்கு நடுவே ஒன்றரை அங்குலம் விடவேண்டிய துளைகள் முக்கால் அங்குலமாகிவிட்டன. இருந்தும் மாலை வகுப்பு மரவேலைப் பரீட்சையில் எனக்குத்தான் கூடிய புள்ளி. டெக்ஸ்டர் மாஸ்டர் வீட்டுக்கே வந்து, ஏணியில் ஏறித் தடவிப் பார்த்தார். "மூலை நாலும் பொருந்தியிருக்கு, கம்சாயினி. பிறகென்ன எப்ப பார்த்தாலும் பயம்?" என்றார். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தேன்.

கல்லடியில் எத்தல் அன்ரி வீட்டில்தான் அறை எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை அவருடைய மகள் கெரனுக்குக் கலியாணம். ஹோல் சுவரின் காற்றுத் துவாரம் பார்க்கச் சகிக்காது. வைக்கோலும் எச்சமும் தொங்கும். அதன் வெளிப்பக்கத்தில் நுளம்பு வலை அடித்திருப்பதால், குருவிகள் யன்னல் வழியாக ஹோலுக்குள் வந்து அதில் கூடு கட்டிக் குஞ்சும் பொரித்திருந்தன. நான்கு குஞ்சுகள்.

மூடி செய்து தரச் சொன்னதும் அன்ரிதான். "ஆனா கலியாண வீட்டில குருவி பொரிச்சா பொண்ணுக்கு நல்லதுகா. குஞ்சு பறந்த பிறகு பூட்டு. கூட்டைக் கலைச்சுப்போடாத, பாவம்." சம்பந்தி ஹியூபர்ட் அங்கிள் வயலினோடு வந்தால்கூட, "அங்கால போய் வாசிங்க, குஞ்சுகள் செவிடாப் போகும்" என்று விரட்டுவார்.

குஞ்சுகள் பறக்க இன்னும் ஒரு கிழமையாவது ஆகும் போலிருந்தது. மாஸ்டர் பார்க்க வரும் வியாழனுக்குள் மூடி சுவரில் பூட்டியிருக்காவிட்டால் எனக்குச் சான்றிதழ் இல்லை. போன இரண்டு தவணையும் ஸ்டூலை முடிக்காமல் விட்டவள் நான். மூன்றாம் முறை விட்டால் என்னாலேயே என்னை நம்ப முடியாது.

திங்கட்கிழமை எல்லோரும் கலியாண ஒத்திகைக்கு மாதா கோயிலுக்குப் போனார்கள். தொங்கிய வைக்கோலை மட்டும் கத்தரித்துவிட்டு, எட்டுத் திருகாணி இறுக்கினேன். அன்ரி சொன்னபடி கூட்டைத் தொடவில்லை.

"எல்லாம் பறந்திட்டுது, அன்ரி."

கட்டிப்பிடித்துக் கொஞ்சி, பெரிய கேக் துண்டு வெட்டித் தந்தார். செவ்வாய்க்கிழமை மூடியில் காது வைத்தார்.

"இன்னும் சத்தம் கேக்குதே, புள்ள?"

"அது வெளியில, மாமரத்தில."

"ஓம் ஓம், தூரப் போக மனமில்லையாக்கும்" என்று சிரித்தார்.

தாய்க்குருவி அலகில் புழுவோடு நாள் முழுக்க இதழ்களில் தொங்கியது. தாமரைக்கு உயிருள்ள குருவி அழகாகத்தான் இருந்தது. நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: புதன் காலை ஒரு குரல், மதியத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை. தாய் மாலைவரை நின்றது. வந்த விருந்தாளிகள் எல்லோரும் தாமரையைப் படம் எடுத்தார்கள்.

மேலே பிழை என்று எழுதியதைத் திருத்த வேண்டும். ஞாயிறு மாலை, தாய் உள்ளே நுழைகிற நேரம் பார்த்து அளந்தேன்: அதற்கு ஒன்றேகால் அங்குலம் வேண்டும். அதன் பிறகுதான் செதுக்கி வைத்திருந்த பலகையில் துளைகளுக்கு முக்கால் என்று கோடு போட்டேன். ஒன்றரை விட்டிருந்தால் வந்து வந்து போய்த் தாமரையை எச்சமாக்கியிருக்கும். ஆகவே அளவில் பிழையே இல்லை; மாஸ்டர் போட்ட புள்ளி நியாயமானதுதான். என்னை நானே குறைவாக நினைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

நாளை: சமையலறைத் துவாரத்துக்கும் ஒரு தாமரை வேண்டுமாம் அன்ரிக்கு. அங்கே இருப்பது அணில். காலையில் அணிலை அளக்க வேண்டும்.