துடைச்சு வச்ச கயிறு

இல்ல தம்பி, அந்தக் கயிறு வேணாம். அது ஆபீஸ் வாசல்ல காட்சிக்கு வச்சது. இந்தக் கறுப்புக் கயிற எடுங்க. கையில ஒட்டும், பரவால்ல, துணி தர்றேன். கேமராவுல நல்லா வராதா? போன தடவ வந்தவரும் இதத்தான் சொன்னாரு. கிரீஸ் இருந்தா வெளிச்சம் பட்டுக் கண்ணக் கூசுது மேடம், துடைச்சுக் குடுங்கன்னாரு. துடைச்சுக் குடுத்தேன்.

ஆமா, அந்த வீடியோவுலயும் நான்தான் பேசினேன். கயிறு விக்கிற கம்பெனியில எனக்கு வேலையே பேசுறதுதான். வாங்குறவங்களுக்குக் கயிறு பாக்கக் கத்துக்குடுக்கணும். கிரேன்ல சுமை தூக்குற இரும்புக் கயிறு இருக்குல்ல, அது எங்க தேயும், எங்க அறுந்திருக்கும், எப்ப கழட்டிப் போடணும், அதெல்லாம். முன்னாடி நேர்லதான் போவேன். பையில ஒரு துண்டுக் கயிறு சுருட்டிக் கெடக்கும். பஸ் கண்டக்டர் ஒருத்தரு, என்னம்மா பாம்பா வளக்குறன்னு கேட்டாரு.

போனதும் பாடம் எடுக்க மாட்டேன். உங்க கயிறக் காட்டுங்கன்னுதான் கேப்பேன். சுமைய எறக்கி, கயிறத் தொய்ய விட்டு, அழுக்க வழிச்சுத் துடைச்சு, வளைச்சுப் புடிங்கன்னு சொல்லுவேன். அப்ப முறுக்குன புரிக்கும் புரிக்கும் நடுவுல ஒளிஞ்சிருந்த அறுந்த கம்பியெல்லாம் பூனை மீசையாட்டம் வெளிய நீட்டும். அதப் பாத்ததும் அவங்க மூஞ்சி மாறும் பாருங்க. இத்தன நாளா இதுக்கு அடியிலயா நின்னோம்னு தோணும்ல. சில பேரு மூஞ்சி மாறாது, சும்மா தலையாட்டுவாங்க. அவங்களக் கிட்டக் கூப்பிட்டு, நீங்க புடிங்கன்னு கையில குடுத்துடுவேன். கேமராவுக்கு முன்னால நின்னா, யாரு தலையாட்டுறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க.

உங்க மேல வருத்தம் இல்ல தம்பி. உங்க பொழப்பு இது. மேனேஜரும் கெட்டவரு இல்ல. எதுக்கு ஊரூரா அலையுறீங்க, ஒரு தடவ பேசிட்டா எல்லாரும் பாத்துக்குவாங்கன்னாரு. எனக்கும் முட்டி வலி. நல்லதுதான்னு நெனச்சேன்.

அப்புறம்தான் ஒரு கட்டட வேலையிலேருந்து போன் வந்துச்சு. அங்க கயிறு பாத்துட்டிருந்தவரு வேலைய விட்டுட்டாரு, மெக்கானிக்க அதப் பாக்கச் சொல்லிட்டாங்க. அந்த மெக்கானிக்தான் கூப்பிட்டாரு. இஞ்சின்னா கண்ண மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டிடுவேன், கயிறு எனக்குப் புதுசு, ஒரு நாள் வந்து கையப் புடிச்சுக் காட்டிட்டுப் போன்னாரு. ஆபீஸ்ல கேட்டேன். வீடியோ லிங்க அனுப்புங்கன்னாங்க. லீவு போட்டுட்டு என் செலவுல போறேன்னேன். அனுமதி இல்லாம நீங்க உள்ள போயி ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுறதுன்னாங்க. சரின்னு லிங்க அனுப்பி வச்சேன்.

பாத்தாரு. அரைகுறையா இல்ல, உக்காந்து முழுசாப் பாத்தாரு. கடைசியில வர்ற கேள்விக்கெல்லாம் சரியாப் பதில் போட்டு சர்டிபிகேட்டும் வாங்குனாரு. அப்புறம் கிரேன்கிட்ட போயி நின்னிருக்காரு. வீடியோவுல கயிறு பளிச்சுன்னு இருக்கு, அறுந்த கம்பி தானா கண்ணுல படுது. அங்க பாத்தா கிரீஸும் சிமெண்ட் தூசியும் அப்பி, தார் பூசுன மாதிரி கெடக்கு. அதுக்கு மேலயே துணியச் சுத்தி இழுத்துப் பாத்திருக்காரு. கம்பி அறுந்திருந்தா துணி மாட்டணும்ல. மாட்டல. வழுக்கிக்கிட்டுப் போயிடுச்சு. கயிறு நல்லாருக்குன்னுட்டாரு.

ஆமா, அறுந்துடுச்சு. கீழ ஒரு வெல்டர் குனிஞ்சு வேல பாத்துட்டிருந்தாரு.

இல்ல தம்பி. பொழைக்கல.

விசாரணைக்கு வந்தவங்க வீடியோவப் போட்டுப் பாத்தாங்க. நல்லாத் துடைச்சு, வளைச்சுப் பாக்கணும்னு நான் தெளிவாத்தான் சொல்லியிருக்கேன். வாய் வார்த்தையா. அப்ப கம்பெனி மேல தப்பு இல்லன்னு முடிச்சுட்டாங்க. இனிமே இன்னும் நல்ல வெளிச்சத்துல எடுப்போம்னு மேனேஜர் உங்களக் கூப்பிட்டிருக்காரு. திரும்ப நேர்ல போறேன்னு கேட்டுப் பாத்தேன். பாக்கலாம்னாரு. அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த மெக்கானிக்கா? அவருக்கு அடி ஒண்ணும் இல்ல. வீட்டுலதான் இருக்காரு. வேலைக்குப் போறதில்ல. கூடத்துல உக்காந்துக்கிட்டு அந்த வீடியோவையே போட்டுப் போட்டுப் பாக்குறாரு. நான் போனா, பக்கத்துல உக்கார வச்சு, அந்த எடத்துக்கு ஓட்டிக் காட்டுறாரு. பாரு பாப்பா, நீ சொல்லித்தான் இருக்க, என் காதுலதான் விழலங்குறாரு. நான் சொன்னது வேற, உனக்குக் காட்டுனது வேறண்ணான்னு எப்படி எப்படியோ சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்குறாரு.

ம், கூடப் பொறந்தவருதான்.

அண்ணி அவரு போனப் புடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. இப்ப நான் போனா என் போனக் கேட்டுக் கைய நீட்டுறாரு. என்ன பண்ணச் சொல்லுறீங்க, குடுத்துடுறேன்.