சம்பந்தியின் கேபிள்

உடுமலைப்பேட்டையிலிருந்து பல்லடம் செல்லும் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“டிவி டிஷ்ஷை மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கறனுங்க.”

“ஏனுங்க, திருட்டு டிஷ்ஷுங்களா?”

“அட, காசு குடுத்து வாங்குனதுங்க. எங்கூர்ல கேபிள் நடத்தறவரு என் சம்பந்தி. புது டிவிக்கு எச்டி பாக்ஸ் கேட்டா, ஆறு மாசமா அடுத்த வாரம்னே சொல்றாரு. டிஷ் போட்டது தெரிஞ்சா, அந்த ஊட்டுக்குப் போன எம்பொண்ணு பேச்சு வாங்கோணும்.”

“இன்னும் தெரியலீங்களா?”

“போன வாரம் ஊட்டுக்கே வந்துபோட்டாருங்க. படத்தைப் பாத்து, ‘நம்ம கேபிள்ல எத்தனை தெளிவு பாருங்க’ன்னாரு. நானும் ஆமாங்கன்னுபோட்டேன்.”

“அப்ப தப்பிச்சீங்க.”

“எங்கீங்க! புதுசாக் கனெக்சன் கேக்கறவங்களையெல்லாம் இப்ப கூட்டிட்டு வந்து எங்க டிவியைக் காட்டறாருங்க.”