வான்கோழி ஓடையைக் கடந்த கோயில்

மேடையில் அமர்ந்திருக்கும் பாஸ்டர் ரைனர் அவர்களே, அருட்தந்தை நோவோட்னி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் வெர்னா அம்மையாரே, பழைய பெத்தானியா சபையாரே, புனித லுட்மிலா பங்கு மக்களே, இந்தத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் இடம் போதாமல், வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு அவை நின்ற இடத்திலும் நெருக்கி நிற்கும் மார்ட்டன் ஊர்ப் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் லாம்பெர்ட் குபாட். மின்சாரக் கூட்டுறவில் முப்பத்தாறு வருஷம் கம்பி வேலை பார்த்தவன். கத்தோலிக்கன். லூத்தரன் சபை மூப்பர் ஆர்லன் ஸ்டென்பெர்க் அவர்களைப் பற்றிப் பேச என்னை ஏன் அழைத்தார்கள்? அவருடைய மனைவி வெர்னா அம்மையாரிடமே கேட்டேன். "அவர்கிட்ட முடியாதுன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான். நீங்களே பேசுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய இதயம் நின்றது. எழுபத்தொன்பது வயது. வெர்னா போய்ப் பார்த்தபோது அறுவடை இயந்திரத்தின் முன்பக்கம் தூக்கி வைக்கப்பட்டிருந்தது, எஞ்சின் அணைந்திருந்தது. நெஞ்சுவலி வந்த மனிதர் அதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் இருக்கையில் சாய்ந்திருக்கிறார். அப்படிப்பட்டவர்.

நான் சொல்லவந்தது எண்பத்திரண்டு ஜனவரியில் நடந்த கதை.

அதற்கு முந்தைய ஆகஸ்டில் இடி விழுந்து எங்கள் புனித லுட்மிலா ஆலயம் அடித்தளம் வரை எரிந்துபோனது. மாடு ஏலம் விடும் கொட்டகையில் பூசை கண்டோம். கூரை ஒழுகும். முழங்காலிட்டு எழுந்தால் முட்டியில் என்ன ஒட்டியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே வருஷம் ஒன்பது மைல் தள்ளி, ஆர்லனுடைய லூத்தரன் கோயிலான பெத்தானியாவையும் மூடினார்கள். பத்தொன்பது பேர்தான் மீதி, பாஸ்டரும் இல்லை. நல்ல மரக் கோயில். பிரித்துப் பலகையாக விற்றுவிடலாம் என்று கூட்டம் போட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஆர்லன் எழுந்து, "கோயிலை மார்ட்டனுக்குக் கொண்டுபோய் கத்தோலிக்கருக்குக் குடுத்துடலாம்" என்றார். பிறகு அவருடைய சொந்த அண்ணன் எழுந்தார்.

"நம்ம தாத்தா கட்டின கோயிலைப் போப்புக்குத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?"

"போப்புக்கு இல்லண்ணே. மழையில நனையிறவங்களுக்கு."

வாக்கெடுத்தார்கள். பத்துக்கு ஒன்பது. அண்ணன் அதன் பிறகு இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை.

சரி, கொடுத்தாயிற்று. கொண்டுவருவது எப்படி? கோபுரத்தைக் கழற்றி வைக்கோல் வண்டியில் படுக்கவைக்கலாம். மற்றதை வீடு நகர்த்தும் லாரி இழுக்கும். ஆனால் வழியில் இருக்கும் வான்கோழி ஓடைப் பாலத்தைவிடக் கோயில் ஆறடி அதிக அகலம். ஆகவே ஓடை கெட்டியாக உறைந்த பிறகு, பனிக்கட்டி மேல் ரயில் கட்டைகளை அடுக்கி அதன் மேல் இழுப்பது என்று ஆர்லன் முடிவு செய்தார். அக்கரையில் என் மின்கம்பி குறுக்கே ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்தி அதை இறக்கித் தர வேண்டும்.

நான் முடியாது என்றேன். அந்தக் கம்பியில் ஏழு பண்ணைகள் இருந்தன. ஜனவரியில் கன்றுகளும் பன்றிக்குட்டிகளும் விளக்குச் சூட்டில்தான் உயிர் பிழைக்கின்றன. அவர் மறுநாள் வந்தார். அடுத்த நாளும் வந்தார். வெர்னா சுட்ட இலவங்கப்பட்டை ரொட்டியோடு வந்தார்.

"யோவ், லஞ்சமா?"

"காலைச் சாப்பாடுய்யா. சாப்ட்டுட்டே முடியாதுன்னு சொல்லு."

பத்தாம் நாள் ஒரு தாள் நீட்டினார். ஏழு பண்ணைக்காரர்களின் கையெழுத்தும் இருந்தது. ஆறு பேருக்கு ஜெனரேட்டர் எங்கிருந்து வரும் என்று எழுதியிருந்தது. ஏழாவது அவர் பண்ணை. அதற்கு நேராக 'பார்த்துக்கொள்கிறேன்' என்று மட்டும் இருந்தது. "நாற்பது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷமும் கிடையாது" என்றேன்.

அந்தக் காலையை நேரில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். அடேயப்பா, இத்தனை பேர். உங்களுக்கு நினைவிருக்கிறது அல்லவா? பனி வயல் மேல் ஒரு வெள்ளைக் கோயில் தானாக நடந்து வந்தது. ஆர்லன் முன்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் பாழாய்ப்போன குரலில் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். ஓடை நடுவில் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். கட்டை ஒன்று முறிந்து, பின்சக்கரம் பனிக்கட்டிக்குள் ஒரு முழம் இறங்கியது. கோயில் சாய்ந்தது. லாரிக்காரர் குதித்து ஓடினார். நான் கம்பத்தின் மேல் இருந்தேன்.

ஆர்லன் ஓடவில்லை. அரை நிமிஷம் தலை குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து, "ஜெபம் பண்ணியாச்சு. இப்ப சங்கிலியக் கொண்டாங்க" என்றார்.

இரண்டு லூத்தரன் டிராக்டர், மூன்று கத்தோலிக்க டிராக்டர். நாற்பது நிமிஷம் கடந்தது. ஒரு மணி நேரம் ஆனது. வயர்லெஸ்ஸில் என் மேலதிகாரி கத்தினார்: "குபாட்டு, உடனே கம்பிய ஏத்து." நான் என்ன செய்வது? ஏற்றினால் கோயில் ஓடையிலேயே நிற்கும், உடையும். ஏற்றாவிட்டால் என் வேலை போகும். கீழே பார்த்தேன். ஆர்லன் முழங்கால் வரை பனித்தண்ணீரில் நின்று கட்டைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வயர்லெஸ்ஸை அணைத்தேன்.

மூன்று மணி நேரம், அன்பர்களே. மூன்று மணி நேரம் கழித்துக் கோயில் என் கம்பத்தைத் தாண்டிப் போனது. அப்போது என் பங்கு மக்கள் அழுதார்கள், லூத்தரன்களும் அழுதார்கள், நானும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். இரண்டு வாரம் என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

வசந்தத்தில்தான் வெர்னா சொன்னார். ஜெனரேட்டர்கள் ஆறுதான் கிடைத்திருக்கின்றன. ஆறையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆர்லன் தன் கொட்டகையில் பன்றிக்குட்டிகளைச் சுற்றி வைக்கோலைக் குவித்துவிட்டு வந்திருக்கிறார். நாற்பது நிமிஷத்துக்கு அது போதும். மூன்று மணி நேரத்துக்குப் போதவில்லை. பதினோரு குட்டிகள் செத்துவிட்டன. நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா கம்பிய ஏத்தியிருப்பே."

இப்படி ஒரு மனிதரை நாம் எங்கே போய்த் தேடுவது?

சரி, கோயிலைக் கொடுத்தவர் அந்தக் கோயிலுக்கு வந்தாரா? இல்லை. அருட்தந்தை எத்தனை முறை அழைத்தார்! "உங்களுக்குக் குடுத்தது கட்டடத்தை சாமி, என் விசுவாசத்தை இல்ல" என்பார். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கோயிலைத் தாண்டி, முப்பது மைல் தள்ளி கிரேஸனில் இருக்கும் லூத்தரன் ஆராதனைக்குப் போனார். இருபத்தோரு வருஷம் போனார். தனியாகவும் போகவில்லை. கண் மங்கிய ஹில்டா எக்ப்ளாடையும், வண்டி ஓட்ட முடியாத இரண்டு முதியவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்.

இன்று சனிக்கிழமை. நாளைக்கு அவர்களை யார் கூட்டிப்போவது? காலையிலிருந்து ஹில்டா அம்மா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் பேசிய எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த பணி இது ஒன்றுதான்.

ஹில்டா அம்மா, நாளைக் காலை ஏழரைக்கு உங்கள் வாசலில் என் வண்டி நிற்கும். அதற்கு அடுத்த ஞாயிறும் நிற்கும். நான் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்க்கொள்வேன், அருட்தந்தை பொறுத்துக்கொள்வார். வெர்னா, முன் இருக்கை உங்களுக்கு. ஆராதனை முடியும்வரை நான் வெளியே வண்டியில் காத்திருக்கமாட்டேன். உள்ளே வந்து, அவர் உட்கார்ந்த இடத்தில் உட்காருவேன்.

ஞானப்பாட்டு மட்டும் எனக்குத் தெரியாது. யாராவது புத்தகத்தைப் பிடித்துக் காட்டுங்கள்.