ரம்பொடை இறக்கத்தில் ஒரு நல்ல கார்

காலையில் ஸ்டார்ட் செய்த உடனே காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நுவரெலியாக் குளிரில் எஞ்சின் ஒயில் தேன்போலக் கெட்டியாகக் கிடக்கும். அது இளகும்வரை பொறுக்க வேண்டும். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்தான். அந்தப் பொறுமைகூட இல்லாதவனுக்கு வேகமான கார் எதற்கு?

இதெல்லாம் கேஸுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று நினைக்காதீர்கள், சேர். சம்பந்தம் இருக்கிறது.

வேகமான கார் என்றால் எல்லாரும் எஞ்சினைப் பார்க்கிறார்கள். நான் பிரேக்கைப் பார்ப்பேன். நம் மலையில் ஏறுவதற்கு எஞ்சின் போதும். இறங்குவதற்குத்தான் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். ரெண்டாம் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும்.

பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொரையிடம் அப்படியொரு கார் இருந்தது. கருநீலம். ஜப்பான்காரன் பந்தயத்துக்கென்று செய்து, பேருக்கு நாலு கதவு வைத்து விற்ற வகை. நுவரெலியாவில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிற நான், ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு அங்கே போவேன். கழுவுவேன், ஒயில் மாற்றுவேன், ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பேன். கூலி வாங்கியதில்லை. "நான் போறப்ப இது உனக்குத்தான், யோகேஸ்வரன்" என்று தொரை சொல்லியிருந்தார்.

என் தங்கச்சி கோசலாவையும் அவள் புருஷன் பிரதீபனையும் ஒரு முறை அங்கே கூட்டிப்போய்க் காரைக் காட்டினேன். அது என் தவறு. தொரை வேலையை விட்டு மகளிடம் வெளிநாடு போனபோது, கார் கோசலாவுக்கும் பிரதீபனுக்கும் போனது. கோசலாதான் போனில் சொன்னாள்.

"தொரை எங்களுக்கே தர்றேன்னுட்டாருண்ணே. வெளிய போகலியே, குடும்பத்துக்குள்ளதானே இருக்கு. நீங்களும் ஓட்டிக்கலாம்."

நான் கோபப்படவில்லை. சந்தோஷம் என்றுகூடச் சொன்னேன்.

பிரதீபன் கெட்டவனில்லை. பாங்கில் வேலை, குடிக்க மாட்டான், என் அம்மாவைத் தன் தாய்போலப் பார்ப்பான். ஆனால் அந்தக் காரின் பின்சீட்டில் சந்தையிலிருந்து லீக்ஸ் மூட்டை ஏற்றி வந்தான். சீட்டெல்லாம் மண். கதவை லொறிக் கதவுபோல அடித்துச் சாத்துவான். மலையேறி வந்த சூட்டோடு எஞ்சினை அப்படியே நிறுத்துவான். நான் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"காரு நமக்கு உழைக்கணும் மச்சான். நாம காருக்கு உழைக்கக்கூடாதுங்க."

ரெண்டு வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சாதி நாயொன்று சோறு போடத் தெரியாத வீட்டில் கட்டிக்கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதைச் சுட்டுவிடலாம் என்றுகூட ஒருவனுக்குத் தோன்றும். அது இரக்கம்தான்.

பிறகு ஒரு நாள் அவனே காரைக் கடைக்குக் கொண்டுவந்தான்.

"பிரேக்க மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுதுங்க மச்சான். கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். பிரேக் ஒயில் கொதித்துக் கொதித்து வற்றிய தேத்தண்ணிபோலக் கறுத்துக் கிடந்தது. பழைய ஒயில் ஈரத்தை உறிஞ்சிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிக் கொதிக்கும். கொதித்தால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. மாற்றுவது சின்ன வேலை. புதுப் போத்தல் என் கைக்கெட்டும் தட்டில் இருந்தது.

பழைய ஒயிலின் மேலேயே மூடியைப் போட்டு இறுக்கினேன்.

"பழைய காருக்கு இப்பிடித்தான் இருக்கும் மாப்ள. பயப்பட ஒண்ணுமில்ல."

அவன் நம்பினான். கார் விஷயத்தில் என் வார்த்தையை நம்பாத ஆள் எங்கள் குடும்பத்தில் இல்லை. கண்டியில் ஒரு கலியாணம் இருக்கிறது, போகிற வழியில் ரம்பொடை இறக்கத்தில் எப்படி ஓட்டுவது என்று கேட்டான்.

"நியூட்ரல்ல போட்டு விட்டுருங்க. எஞ்சினுக்கு நல்லது. வேகம் கூடுனா பிரேக்க மிதிங்க."

சும்மா பயமுறுத்தத்தான் அப்படிச் சொன்னேன் என்றால் நீங்கள் என்னைக் கொஞ்சம் மன்னிப்பீர்கள். அப்படியில்லை. அந்த இறக்கத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோசலா காரில் போவதாக இருக்கவில்லை. மலை வளைவுகளில் அம்மாவுக்குத் தலைசுற்றும், அவளுக்குத் துணையாக ரயிலில் போவதாக இருந்தது. அவளையும் அம்மாவையும் நானுஓயாவில் நான்தான் ரயில் ஏற்றிவிட வேண்டும். கலியாணத்தன்று காலை பட்டுச்சேலை கட்டி வெளியே வந்தவள், மனம் மாறிவிட்டாள்.

"ரயில்ல சேல கசங்கிரும்ண்ணே. நான் அவரோடயே போறேன். காரு சரிதானே?"

"சரிதான். ஏறு."

வேறென்ன சொல்ல முடியும்? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். நானே கதவைச் சாத்தினேன். மெதுவாக, அந்தக் கதவைச் சாத்த வேண்டிய விதத்தில்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அம்மா சொன்னாள்: "ரெண்டு பேரும் சேந்து போறத பாக்க நல்லாருந்திச்சுப்பா."

"ஆமாம்மா" என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

பிளாட்போமில் நிற்கும்போது என் போன் அடித்தது. கோசலா. எடுத்து, கியரில் போடச் சொல்லு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடித்து ஓயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் வந்துகொண்டிருந்தது. ஒரே சத்தம், எடுத்திருந்தாலும் கேட்டிருக்காது.

கார் ஒரு வளைவைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்திருந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணிகளை அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, அதில் கோசலாவை ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அதற்குள் அவள் போய்விட்டாள். பிரதீபனுக்கு உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து அழுதான்.

"மிதிச்சேன் மச்சான், மிதிச்சிக்கிட்டே இருந்தேன். அவ சொன்னா, அண்ணனுக்குத் தெரியும், அண்ணன்கிட்ட கேப்போம்னு."

அழாதீங்க என்றேன். அவன் கண்ணையும் துடைத்துவிட்டேன்.

என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகத்தான் வந்தேன். வாகனப் பரிசோதகர் இயந்திரக் கோளாறு என்று எழுதப்போவதாக நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். ஊரிலும் அது ராசியில்லாத கார், ஆளைத் தின்கிற கார் என்று பேசுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தக் காரில் ஒரு கோளாறும் இல்லை. பிரேக் ஒயில் பழுது என்று தெரிந்தும் மாற்றாமல் விட்டது நான். நியூட்ரலில் விடச் சொன்னது நான். அவளை ஏறச் சொன்னதும், போனை எடுக்காததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

வரும்போது பார்த்தேன், உங்கள் பொலிஸ் வளவில் அது மழையில் நிற்கிறது. பின்கண்ணாடி உடைந்து உள்ளே தண்ணீர் இறங்குகிறது. யாரையாவது விட்டு, எதையாவது போட்டு மூடச் சொல்லுங்கள், சேர். பாவம்.